வீடு ஒன்றுதான், மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது: அரியலூரா, பெரம்பலூரா?

செந்துறைக்காரன்:
எங்கள் வீடு செந்துறைப் பக்கம். அக்கா 1993இல் பிறந்தாள், சான்றிதழில் திருச்சி மாவட்டம். நான் 2001, அரியலூர். தம்பி 2004, பெரம்பலூர். மூவரும் பிறந்தது ஒரே அரசு மருத்துவமனையில்! ஏன் இந்தக் கூத்து? விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

முந்திரிக்காடு:
பிறந்த இடத்துக்குச் சான்றிதழில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், இப்போதைய முகவரிக்கு அரியலூர். 1995இல் திருச்சியை உடைத்துப் பெரம்பலூரையும் கரூரையும் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2001 ஜனவரி 1இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, அந்த ஆண்டே ஆட்சி மாற, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், அப்புறம் 2006இல் திமுக திரும்ப வந்து 2007 நவம்பர் 23இல் மீண்டும் பிரித்தது. முழுக்க அரசியல்தான், வேறென்ன.

சின்னவெங்காயம்:
அரசியல் உண்டு, ஆனால் அது மட்டும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பெரம்பலூர்க்காரன், எங்களுடையது மானாவாரி: சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம், எல்லாம் மழையை நம்பித்தான். உங்கள் பக்கம் தெற்கே கொள்ளிடக்கரையில் நெல், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி, நடுவில் சிமென்ட் ஆலைகள். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம், அந்தச் சுண்ணாம்புக்கல்லைத்தான் இப்போது லாரி லாரியாக அள்ளுகிறார்கள், சாலையோரப் புளியமரத்து இலையில்கூட வெள்ளைப் புழுதி. ரயில் நிலையமும் உங்களுக்குத்தான், எங்கள் ஊரில் இன்னும் தண்டவாளமே கிடையாது. கொள்ளிடக்கரைக்காரர் ஒரு பட்டா வேலைக்காக அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் வரை வந்து போவது என்ன நியாயம்?

முந்திரிக்காடு:
சரி, தூரம் நியாயமான காரணம்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் தலைநகரே வைத்திருந்தான், அந்த ஊரிலிருந்து ஆட்சியரைப் பார்க்க நாங்கள் 1995 வரை திருச்சிக்கு ஓடினோம்.

செந்துறைக்காரன்:
நன்றி. இன்னொரு சந்தேகம், எங்கள் எம்.எல்.ஏ. தொகுதி குன்னம் என்கிறார்களே? குன்னம் பெரம்பலூர் மாவட்டம் அல்லவா?

சின்னவெங்காயம்:
ஆமாம், மாவட்டம் பிரிந்தாலும் தொகுதி எல்லை கூடவே மாறுவதில்லை. மாவட்டம் அரியலூர், சட்டமன்றத்துக்குக் குன்னம், நாடாளுமன்றத்துக்குச் சிதம்பரம். பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்கள், குளித்தலை, முசிறி, லால்குடி வரை போகும், குன்னம் மட்டும் அதில் கிடையாது.