எக்ஸ்போர்ட் ஸ்போர்ட்ஸ் கார் நிஜமாவே கனமா?

கொண்டைஊசி20: சொந்த ஊர்ல விக்கிற ஸ்போர்ட்ஸ் காரை வெளிநாட்டுக்குக் கொழுக்க வெச்சுத்தான் அனுப்புறாங்க. அமெரிக்காவுல 1973லயே பம்பர் சட்டம், கதவுக்குள்ள இரும்புத் தடுப்பு, அப்புறமா வந்த ஏர்பேக். இதெல்லாம் காத்துலயா தொங்குது? ஏற்காடு ஏறிப் பாருங்க, இருபது வளைவுலயும் ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை எடைமேடை: தம்பி, எப்படி எடை போட்டாங்கன்னு முதல்ல கேளுங்க. 2019ல வந்த போர்ஷே 911 கரேராவுக்கு கம்பெனியே ரெண்டு எடை குடுக்குது. ஜெர்மன் தர அமைப்பான டின் (DIN) முறையில 1,505 கிலோ, ஐரோப்பிய யூனியன் முறையில 1,580. கார் அதே கார்தான். கூடின 75ல டிரைவர் 68, அவர் பெட்டி 7. ஜப்பான்காரங்க டேங்க் நிறைய பெட்ரோலோட, ஆனா ஸ்டெப்னி, ஜாக்கி இல்லாம போடுவாங்க. நம்ம ஆர்.சி.யில இருக்கற அன்லேடன் வெயிட், அதாவது காலி வண்டி எடையிலயும் டிரைவர் கிடையாது. வேற வேற ஊர் எடைச் சீட்டைப் பக்கத்துல வெச்சு "ஏறிடுச்சு"ன்னா எப்படி?

கொண்டைஊசி20: ஆளைக் கழிச்சாலும் இரும்பு இரும்புதானுங்கண்ணா. இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் பழைய எம்.ஜி.பி.யை (MGB) எடுத்துக்கங்க. அமெரிக்கச் சட்டத்துக்காக 1974ல கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியையும் தூக்கி வெச்சாங்க. வளைவுல அது சாயுறதை இன்னிக்கும் திட்றாங்க.

செவ்வாய்ப்பேட்டை எடைமேடை: நீங்களே பாயின்ட் எடுத்துக் குடுக்கறீங்க. அந்த பம்பர் இங்கிலாந்துல வித்த வண்டிக்கும்தான் வந்துச்சு. உள்ளூர் வண்டியும் சேர்ந்தே கனமாச்சு. அப்புறம் வித்தியாசம் எங்க?

நாலுரோடு வாசி: குறுக்க வர்றேன், மன்னிக்கணும். சுஸுகியோட டர்போ ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மேனுவல் ஜப்பான்ல 970 கிலோ, ஐரோப்பாவுல 975. அஞ்சு கிலோவுக்கா இத்தனை சண்டை? ரெண்டையும் உங்க எடைமேடையில ஏத்திட்டா முடிஞ்சுது.

செவ்வாய்ப்பேட்டை எடைமேடை: லாரி மேடைங்க அது! பத்து பத்து கிலோவாத்தான் காட்டும். உங்க அஞ்சு கிலோ சீட்டுலயே விழாது 😄

கொண்டைஊசி20: அதே ஸ்விஃப்டுக்கு 2020ல ஐரோப்பாவுல 48 வோல்ட் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினுக்குத் துணையா பேட்டரி, மோட்டார்) வெச்சாங்களே, அதை ஏன் விட்டீங்க? சுமார் 50 கிலோ கூடுச்சு. ஜப்பான்ல பழைய இன்ஜினே ஓடிச்சு. இது டிரைவரும் இல்ல, ஸ்டெப்னியும் இல்ல.

செவ்வாய்ப்பேட்டை எடைமேடை: இது பேச்சு! புகைச் சட்டத்துக்காக வந்த பேட்டரி எடை, மேடையிலயும் விழும். மத்த வண்டிக்கும் இதே மாதிரி எந்தப் பாகம், எத்தனை கிலோன்னு போடுங்க. "மலையில தெரியுது"ங்கறது மட்டும் வேண்டாம். ஏ.சி. போட்டு நாலு பேரை ஏத்தினா எனக்கும்தான் தெரியுது.