டிஸ்னி வேர்ல்டு லைட்னிங் லேன்: காலை 7 மணி புக்கிங்கை காரைக்குடியிலிருந்து போடலாமா?

செம்மண்வீடு:
அண்ணன் குடும்பம் அக்டோபர் கடைசியில ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போறாங்க. அண்ணன், அண்ணி, 6 வயசுப் பையன் (உயரம் 110 செ.மீ.), 2 வயசுப் பாப்பா, கூட அப்பத்தா. தங்குறது டிஸ்னி ஹோட்டல்ல இல்ல, வெளியில. வரிசையில நிக்காமப் போறதுக்கான பாஸ் (லைட்னிங் லேன்) அங்கத்திய நேரம் காலை 7 மணிக்குத் திறக்குதாம். ஊர் சுத்திப் பாக்கப் போனவங்க விடியக்காலையில போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காரணுமான்னு அண்ணி கேக்குறாங்க. நான் இங்கேருந்தே போட்டுடலாமா? இந்த 7 மணி முறை சரிதானா? உங்க கருத்தையும் சொல்லுங்க.

வளவு:
தாராளமாப் போடலாம் ஆச்சி. அங்க காலை 7 மணின்னா நமக்கு அதே தேதி சாயந்தரம் 4:30. ஒரு விஷயம் மட்டும் கவனம்: நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பாங்க. அன்னையிலேர்ந்து நமக்கு 5:30. உங்க பயணம் அந்தத் தேதியைத் தாண்டுச்சுன்னா ஒவ்வொரு புக்கிங்குக்கும் நேரத்தைத் தனித்தனியா எழுதி வச்சுக்கங்க.

வெளியில தங்குறவங்களுக்கு ஒவ்வொரு பார்க் நாளுக்கும் 3 நாள் முன்னாடிதான் திறக்கும். 28ஆம் தேதி மேஜிக் கிங்டம் பார்க்னா 25ஆம் தேதி. டிஸ்னி ஹோட்டல்காரங்களுக்கு செக்-இன் நாளுக்கு 7 நாள் முன்னாடியே, தங்குற எல்லா நாளுக்கும் (14 நாள் வரை) ஒரே மூச்சுல கிடைச்சுடும். அவங்க எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. அதனால 4:30ன்னா 4:30தான், காபி குடிச்சுட்டு வந்து பாக்குற கதை இல்ல.

முன்கூட்டியே முடிக்க வேண்டியது: நுழைவு டிக்கெட் எல்லாத்தையும் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்ல இணைச்சு, எல்லாரையும் ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் பட்டியல்ல சேத்துருக்கணும். டிக்கெட் இணையாத ஆளுக்குப் பாஸ் வாங்க முடியாது. பாப்பாவுக்கு 3 வயசு ஆகலை, அதனால டிக்கெட்டும் வேணாம் பாஸும் வேணாம். அப்பத்தா ரைடு ஏறப் போறதில்லைன்னா பாஸ் வாங்குறப்ப அவங்க பேரை எடுத்துடலாம். தலைக்கு இவ்வளவுன்னுதான் காசு.

ரஸ்தா:
பையன் 110 செ.மீ.ங்கிறதை மனசுல வச்சுத்தான் பாஸ் வாங்கணும். அனிமல் கிங்டத்துல அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கு 112 செ.மீ. வேணும், மேஜிக் கிங்டத்துல ட்ரானுக்கு 122. ரெண்டுமே சிங்கிள் பாஸ், அதாவது அந்த ஒரு ரைடுக்கு மட்டும் தனிக் காசு. பையனுக்கு வாங்கினா வாசல்ல அளந்து பாத்துட்டு ஏத்த மாட்டாங்க. ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் 102, எப்காட்ல காஸ்மிக் ரீவைண்ட் 107, ஸ்லிங்கி டாக் டேஷ் 97. இதெல்லாம் ஏறலாம்.

மல்ட்டி பாஸ்ல (ஒரே காசுல பல ரைடுக்கான பாஸ்) முன்கூட்டி மூணு ரைடு எடுக்கலாம். அனிமல் கிங்டம் தவிர மத்த மூணு பார்க்லயும் பெரிய ரைடு பட்டியல்லேருந்து ஒண்ணு, அடுத்த பட்டியல்லேருந்து ரெண்டு. ஹாலிவுட் ஸ்டூடியோஸ்னா அந்த ஒண்ணு ஸ்லிங்கியாத்தான் இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறமும் கிடைக்கும், ஸ்லிங்கி சட்டுன்னு போயிடும்.

நிறையப் பேர் கோட்டை விடுறது நேரத்தைத் தேர்ந்தெடுக்குறப்பதான். ஆப் தர்ற நேரம் பிடிக்கலைன்னு அங்கேயே மாத்திக்கிட்டு நிப்பாங்க, அதுக்குள்ள இருந்ததும் போயிடும். வந்ததை எடுத்து காசைக் கட்டிருங்க, அப்புறம் நிதானமா மாத்துங்க. மூணுல ஒண்ணாவது காலையில இருக்கணும். முதல் ரைடுல ஸ்கேன் பண்ணி உள்ள போன பிறகுதான் நாலாவதைப் போட விடும். மூணுமே சாயந்தரம்னா பகல் முழுக்க அடுத்தது போட வழியில்ல.

கண்டனூர்ப்பக்கம்:
முறை சரியான்னு கேட்டீங்க. சரியில்லைன்னுதான் நான் சொல்லுவேன். வெளியில தங்குற குடும்பம் அஞ்சு நாள் பார்க் போகுதுன்னா, நாலாவது, அஞ்சாவது நாளுக்கான புக்கிங் அங்க இருக்கிறப்பத்தான் வரும். முந்தின நாள் ராத்திரி வாணவேடிக்கை பாத்துட்டு வந்து படுத்த பிள்ளைகளோட காலை 7 மணிக்கு என்ன புக்கிங்? அமெரிக்காவுலயே கலிஃபோர்னியாக்காரங்களுக்கு அது விடியக்காலை 4 மணி. பகல் 12 மணிக்குத் திறந்தா யாருக்கு என்ன நட்டம்?

வளவு:
அண்ணே, பழைய முறையோட வச்சுப் பாருங்க. 2021 அக்டோபர்லேருந்து 2024 ஜூலை வரை ஜீனி பிளஸ்ங்கிற பழைய பாஸ் இருந்தப்ப, பார்க் போற அன்னிக்கே காலை 7 மணிக்கு முதல் ரைடைப் போடணும். இன்னிக்கு என்ன கிடைக்கும்னே தெரியாமக் கிளம்புவாங்க. 2024 ஜூலை 24லேருந்து முன்கூட்டியே போடலாம், வேற ஆளும் போட்டுக் குடுக்கலாம். பகல் 12ன்னா அந்த நேரம் அங்க உள்ளவங்க ரைடுலயோ வரிசையிலயோ இருப்பாங்க, நமக்கோ ராத்திரி 9:30. வெளியில தங்குறவங்களுக்கு 3 நாள்ங்கிறதுதான் அநியாயம், 7 மணி இல்ல. அந்தப் பாகுபாட்டைக் கேளுங்க, நானும் சேந்து கேக்குறேன்.

கண்டனூர்ப்பக்கம்:
3 நாள் விஷயத்துல உங்க பக்கம்தான். ஆனா இந்தத் தொல்லையே வேணாம்னா யுனிவர்சல் ஆர்லாண்டோங்கிற வேற கம்பெனி பார்க்கும் பக்கத்துலதான். அங்க எக்ஸ்பிரஸ் பாஸுக்கு நேரம் குறிக்கிற வேலையே இல்ல, எப்ப வேணாலும் எக்ஸ்பிரஸ் வரிசையில போகலாம். போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் மூணு ஹோட்டல்லயும் அறையோடயே குடுக்குறாங்க. ஒரு நாள் அங்க ஒதுக்கினா அண்ணிக்கும் ஓய்வு.

செம்மண்வீடு:
ரொம்ப நன்றி. முதல் பார்க் நாளுக்கான புக்கிங் அவங்க சென்னையில விமானம் ஏறின பிறகு வருது. கார்டு அண்ணனோடது. சிக்கல் வருமா?

ரஸ்தா:
வரும். வங்கி ஓடிபி கேட்டா அது அண்ணன் சிம்முக்குத்தான் போகும், அவர் ஆகாயத்துல இருப்பார். உங்க கார்டையே போடுங்க. வங்கி ஆப்ல வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை ஆன் பண்ணி, வரம்பையும் ஏத்தி வைங்க. பல கார்டுல அது ஆஃப்லதான் இருக்கும். கார்டு விவரத்தை முந்தின நாளே ஆப்ல சேமிச்சுருங்க.

இன்னொண்ணு, அன்னிக்கு நம்ம பக்கம் பராமரிப்பு மின்தடை இருக்கான்னு பேப்பர்ல பாத்துருங்க. சாயந்தரம் 5 மணி வரைன்னு போட்டுருந்தா 4:30க்கு மோடம் உயிரோட இருக்காது. மொபைல் டேட்டாதான் கதி. சுவர் கனமான பழைய வீடுன்னா இரண்டாங்கட்டுல சிக்னல் ஒத்தைக் கோடுதான் காட்டும். முகப்புக்கு வந்து, 4:20க்கே லாகின் பண்ணி, ஆள் பேரையெல்லாம் சரிபார்த்துட்டு உக்காருங்க.