நான்கு வயது மகன் பென்சில் பிடிப்பதில்லை, நுனிக்காலில் நடக்கிறான்: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. அவனுக்கு ஆட்டிசம் இருப்பதைச் சென்ற ஆண்டு மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் அழைத்துச் செல்கிறோம். சொற்கள் மெல்ல வரத் தொடங்கியுள்ளன. இப்போது எங்களை வாட்டுவது அவனுடைய கைகால் இயக்கம்தான். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறான். இறங்கும்போது சுவரைப் பிடித்தபடி நின்றுவிடுகிறான். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கிறான், சமதரையில் ஓடும்போதும் அடிக்கடி விழுகிறான். இட்லியைக் கையில் கொடுத்தால் பிசைந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான், ஆகவே இன்றுவரை நான்தான் ஊட்டுகிறேன்.

அவன் பென்சிலைச் சரியாகப் பிடிக்காததால் வீட்டில் தினமும் ஒரு பக்கமாவது எழுத வைக்குமாறு எல்.கே.ஜி. ஆசிரியை சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்து எழுத வைக்க முயன்றால் அவன் அழுது ஓடிவிடுகிறான். வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இவனுக்குத் தேவை பிசியோதெரபியா, ஆக்குபேஷனல் தெரபியா? ஊஞ்சல், பெரிய பந்து போன்ற கருவிகள் உள்ள மையத்திற்குத்தான் போக வேண்டுமா, அல்லது வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டா? வேலூருக்கு அடிக்கடி வந்து போவது எங்கள் வருமானத்தில் கடினம் என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

பதில் 1: காட்பாடியில் பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்

சகோதரிக்கு வணக்கம். பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆண் குழந்தை நுனிக்காலில் நடக்கிறான், அடிக்கடி விழுகிறான், படியேறச் சிரமப்படுகிறான் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போது, எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. அவன் தரையில் உட்கார்ந்த நிலையிலிருந்து எப்படி எழுகிறான் என்று கவனியுங்கள். முழங்காலிலும் தொடையிலும் கைகளை மாற்றி மாற்றி ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தாலோ, கெண்டைக்கால் வழக்கத்தைவிடப் பருத்திருந்தாலோ, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போயிருந்தாலோ காலம் தாழ்த்தாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தசைச் சிதைவு நோய் இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவைக் காட்டும் எளிய இரத்தப் பரிசோதனை உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி எதுவும் இருப்பதில்லை. ஆயினும் இதைப் பாராமல் பயிற்சியைத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை.

அடுத்தது கணுக்கால். முழங்கால் நேராக நீட்டியிருக்கும்போது பாதத்தை முன்புறமாக மேலே மடக்க முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்ப்பார். எளிதாக மடங்கினால், கணுக்கால் இன்னும் இறுகவில்லை என்று பொருள். மடங்காமல் இறுகியிருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் குறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீட்சிப் பயிற்சியும், தேவைப்பட்டால் மாவுக்கட்டும் வேண்டியிருக்கும். இந்தப் பகுதிக்குப் பிசியோதெரபி. உண்பது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது ஆகியவற்றுக்கு ஆக்குபேஷனல் தெரபி. உங்கள் மகனுக்கு முதலில் இரண்டு மதிப்பீடுகளும் நடக்க வேண்டும்; அதன்பின் இருவரில் யார் தொடர்வது என்பதை முடிவு செய்யலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பெரும்பான்மையோருக்கு இத்தகைய இயக்கத் தடுமாற்றம் இருக்கிறது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேட்டில் ஆட்டிசத்தை உறுதி செய்வதற்கான அளவுகோல்களில் இது இடம்பெறாததால், பேச்சையும் நடத்தையையும் பார்ப்பவர்கள் கைகாலைப் பாராமல் விட்டுவிடுவது உண்டு. நீங்களாகவே கவனித்துக் கேட்டது மிகவும் நல்லது. வளர்ந்தால் தானே சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

பென்சிலுக்கு வருகிறேன். அந்தத் தினசரிப் பக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். மூன்று விரல்களால் பென்சிலைப் பிடிக்கும் முறை மற்றக் குழந்தைகளுக்கே ஐந்து, ஆறு வயதை ஒட்டித்தான் நிலைப்படுகிறது. மூன்று வயதில் வட்டம், நான்கு வயதில் கூட்டல் குறி, ஐந்து வயதை நெருங்கும்போது சதுரம் என்ற வரிசையில்தான் குழந்தைகளின் கை வளர்கிறது. எழுத்து அதற்குப் பிறகு. மேலும், இடுப்பும் தோளும் அசையாமல் தாங்கினால்தான் விரல்கள் நுட்பமாக இயங்கும். முதுகை நிமிர்த்தி உட்கார முடியாமல் மேசையில் சாயும் குழந்தையின் விரலை மட்டும் பிடித்துத் திருத்துவது, அடித்தூண் ஆடும் பந்தலுக்குத் தோரணம் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே உடம்பிலிருந்து தொடங்குங்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிப் படம் பார்ப்பது, நீங்கள் இடுப்பைத் தாங்கிக்கொள்ள அவன் கைகளால் நடப்பது, பாதி நிரம்பிய தண்ணீர்க் குடத்தை இரு கைகளாலும் தள்ளிக்கொண்டு போவது, தலையணைகளைக் குவித்து அவற்றின்மேல் ஏறி இறங்குவது ஆகியவை போதும். எழுதும் ஆசையை விடாமல் காக்க, சுவரில் அவன் கண் உயரத்திற்கு ஒரு கரும்பலகையை மாட்டி, விரல் நீளமுள்ள சுண்ணக்கட்டியைக் கொடுக்காமல், அதை ஒடித்து ஓர் அங்குலத் துண்டாகக் கொடுங்கள். அவ்வளவு சிறிய துண்டை உள்ளங்கையால் பற்ற முடியாது. யாரும் சொல்லாமலே கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முன்னுக்கு வந்துவிடும். செங்குத்தான பரப்பில் கோடு இழுக்கும்போது மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நிற்கும், தோளும் உழைக்கும்.

இனி, பலருக்கும் தெரியாத ஒன்று. இந்தக் குழந்தைகள் பலருக்கு வலுவைவிடத் திட்டமிடுதல்தான் தடையாக இருக்கிறது. ஒரு செயலின் படிகளை வரிசையாக அமைத்து உடம்புக்குச் சொல்வது அவர்களுக்குக் கடினம். கால்சட்டை அணிவதை எடுத்துக்கொள்வோம். கால்சட்டையைப் பார்ப்பது, அதன் முன்பக்கம் அறிவது, ஒரு காலில் நிற்பது, துளைக்குள் காலை விடுவது, இழுப்பது என்று பல வேலைகள் அதில் ஒளிந்திருக்கின்றன. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த தளர்வான கால்சட்டையை நீங்களே முழங்கால்வரை, தொடைவரை ஏற்றி, இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் கட்டைவிரல்களை எலாஸ்டிக்குக்குள் நுழைத்துவிட்டுக் காத்திருங்கள். அவன் இழுப்பது அந்தக் கடைசி நான்கு விரற்கடை மட்டுமே. வேலை முடிந்தது, அவனே முடித்தான் என்ற நிறைவு அவனுக்குக் கிடைக்கும். அது கைவந்தபின் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து என்று பின்னோக்கிச் செல்லுங்கள். பின்னாலிருந்து கைகொடுப்பதற்குக் காரணம், நம் கை போகும் திசையும் அவன் கை போக வேண்டிய திசையும் ஒன்றாக இருக்கும் என்பதுதான். சொற்களைக் குறைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டுங்கள்.

கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊஞ்சல் முதலியவற்றைக் கொண்டு தொடுதல், சமநிலை போன்ற உணர்வுகளைப் பழக்கும் உணர்வு ஒருங்கிணைப்புச் சிகிச்சை, ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வகுத்த முறையிலிருந்து வந்தது. அதற்கான சான்று குறைவாகவே இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு, முழுமையான திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் அறிவுறுத்தியது. என் கருத்தும் அதுவே. ஊஞ்சல் ஆடினால் குழந்தை ஊஞ்சலில் தேறுவான். இட்லி சாப்பிட வேண்டுமென்றால் இட்லியோடுதான் பழக வேண்டும். இட்லியை முதலில் நீங்களே விண்டு, இரு விரல்களால் எடுக்கும் அளவுக்குத் துண்டுகளாக வையுங்கள். ஒரு கையால் விண்டு எடுப்பது பிறகு வரும். சோறு பிசைந்து உண்பது அதற்கும் பிறகுதான்.

பதில் 2: வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை

அம்மா, என் மகளுக்கு இப்போது எட்டு வயது. தெரபிஸ்ட் அவர்கள் சொன்னதோடு ஒரு பெற்றோர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நாங்கள் முதலில் சென்ற ஒரு தனியார் மையத்தில் குழந்தையை உள்ளே அழைத்துக் கதவை மூடிக்கொள்வார்கள்; பெற்றோர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் "நன்றாகச் செய்தாள்" என்பதைத் தவிர வேறு விடை வராது. மாதந்தோறும் பணம் கட்டினோம். வீட்டில் எதுவும் மாறவில்லை. இப்படிப்பட்ட இடத்தை உடனே விட்டுவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் உங்களைப் பக்கத்தில் உட்கார வைப்பார், உங்கள் கையால் செய்து பார்க்கச் சொல்வார், அடுத்த சந்திப்புவரை வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுப்பார். "மூன்று மாதத்தில் இவள் எதைத் தானாகச் செய்வாள்?" என்று கேளுங்கள். டம்ளரைச் சாய்க்காமல் தண்ணீர் குடிப்பாள் என்பதுபோல் கண்ணால் பார்க்கக்கூடிய விடையாக அது இருக்க வேண்டும். இப்படி வீட்டுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பவர் கிடைத்தால், அடிக்கடி பேருந்து ஏற வேண்டிய தேவையும் குறையும்.

இடங்களைப் பொறுத்தவரை, வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. பாகாயத்தில் உள்ள அதன் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறார்கள். செலவுதான் கவலை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தைக் கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் இம்மையங்களில் கட்டணம் இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழை முதலில் வாங்கிவிட்டால் இதற்கெல்லாம் வழி பிறக்கும்.

என் மகளும் நுனிக்காலில் நடந்தவள்தான். மாலையில் பாலாற்று மணலில் செருப்பில்லாமல் நடக்க அழைத்துப் போவோம். மணல் காலடியில் இறங்கிக் கொடுக்கும்போது குதிகாலை ஊன்றாமல் நிற்பது கடினம் என்பதால், அவள் தானாகவே பாதம் முழுவதையும் பதித்தாள். இதனால்தான் குணமானது என்று சொல்ல மாட்டேன். பிசியோதெரபிஸ்ட் சொன்ன நீட்சிப் பயிற்சியையும் இரவுதோறும் செய்தோம். ஆனால் அவள் அழாமல், கேட்டு வாங்கிச் செய்த பயிற்சி அந்த மணல் நடைதான்.

பதில் 3: ஆற்காட்டிலிருந்து ஒரு சிறப்பாசிரியை

பள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வகுப்பில் உங்கள் மகனின் கால்கள் தரையைத் தொடுகின்றனவா என்று ஒரு முறை நேரில் சென்று பாருங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது, கை எழுதாது. ஒரு மரப்பலகையோ, பழைய செய்தித்தாள்களை இறுக்கிக் கட்டிய கட்டோ காலடியில் வைத்தால் செலவே இல்லாமல் பாதித் தொல்லை தீரும். மேசை அவன் முழங்கை உயரத்திற்குச் சற்று மேலே இருக்க வேண்டும்.

எழுதுவதற்குப் பதிலாக ஒட்டுவது, அடுக்குவது, சுட்டிக் காட்டுவது ஆகியவற்றின் வழியே அவன் தனக்குத் தெரிந்ததை வெளிப்படுத்த அனுமதி கேளுங்கள். அ என்ற எழுத்தை அடையாளம் காட்டத் தெரிந்த குழந்தைக்கு அதை எழுதக் கை வரவில்லை என்பதற்காக, எழுத்தே தெரியாது என்று முடிவு கட்டுவது பெரிய அநீதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, அவற்றில் ஆட்டிசமும் ஒன்று. அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் சேர்க்கவும், தேவையான வசதிகளைச் செய்து தரவும் அச்சட்டம் கோருகிறது. ஆசிரியையிடம் சண்டையாக அல்லாமல், தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த குறிப்போடு சென்று பேசுங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் வழி தெரியாமல்தான் எழுதச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள், அங்கும் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தரையிலிருந்து எழுவதை இன்று கவனித்தேன். கையைத் தொடையில் ஊன்றாமல்தான் எழுகிறான், இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேர்க்கடலை உரிக்கும் வேலை எப்போதும் இருக்கும். விரல் வலுவுக்கு அதை அவனிடம் கொடுக்கலாமா? எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு.

காட்பாடி தெரபிஸ்ட்

ஓட்டை அழுத்தி உடைப்பது விரல் நுனிகளுக்கு மிக நல்ல வேலை. எனினும் எதையும் வாயில் போடும் குழந்தையிடம் கடலைப் பருப்பும் புளியங்கொட்டையும் போகவே கூடாது. பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கிக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவதைப் பார்க்கிறோம். அதற்குப் பதிலாகச் சப்பாத்தி மாவைக் கொடுங்கள். உருட்டவும், கிள்ளவும், தட்டவும் செய்யட்டும், வாயில் போடாமல் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். துணி உலர்த்தும் கிளிப்புகளை ஓர் அட்டையின் ஓரத்தில் மாட்டிக் கழற்றச் செய்வதும் அதே விரல்களுக்கு வேலை தரும்.

மதிப்பீட்டுக்கு வரும் முன், அவன் வெறுங்காலோடு நடப்பதையும், படி இறங்குவதையும், தரையிலிருந்து எழுவதையும் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடித்து எடுத்து வாருங்கள். புதிய இடத்தில் பல குழந்தைகள் அசையாமல் நின்றுவிடுவார்கள். அந்தப் படம் இருந்தால் முதல் நாளிலேயே எங்களுக்குத் தேவையானது கிடைத்துவிடும்.