போருக்கு முந்தைய தாக்குதல் விமானத்தை சிமுலேட்டரில் சேர்க்கும்போது எந்த இடம் உறுத்தியது?

ரிவெட்:
1930களின் அமெரிக்கத் தாக்குதல் விமானமான நார்த்ராப் ஏ-17ஏ-வை ஐஎல்-2 1946 என்ற விமானப்போர் சிமுலேட்டருக்குள் கொண்டுவந்தவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள் எல்லோரும் எழுதுங்கள். முழுக்கதை வேண்டாம். இன்னும் உறுத்துகிற ஒரே ஒரு இடம் போதும். வேறு விமானமானாலும் சரி, 1939-க்கு முந்தைய தாக்குதல் விமானமாக இருக்கட்டும்.

என் பங்குக்கு சக்கரம். எஸ்பிடி டான்ட்லெஸ் என்ற கடற்படை டைவ் பாம்பரின் மெஷ்ஷை (முப்பரிமாண வடிவத்தை) எடுத்து நீட்டினால் ஏ-17ஏ வந்துவிடும் என்று பலரும் தொடங்குகிறார்கள். வம்சம் ஒன்றுதான்: நார்த்ராப் காமாவிலிருந்து ஏ-17, அதே நிறுவனத்தின் பிடி-1, அதன் வழியே எஸ்பிடி. ஆனால் எஸ்பிடியின் இறக்கை 12.66 மீட்டர், ஏ-17ஏ-வுடையது 14.55. இழுத்து நீட்டிய மெஷ்ஷில் சக்கரத்தின் கீலும் வெளிப்பக்கம் நகர்ந்து, இறக்கை மேல்நோக்கிச் சாயத் தொடங்கும் மூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சக்கரத்தை மடக்கிப் பாருங்கள், டயர் இறக்கையின் மேல்தோலைப் பிளந்துகொண்டு கருப்புப் பிறையாக வெளியே நிற்கும். அந்தப் பிறையை ஒருமுறை பார்த்தால் கண்ணை விட்டுப் போகாது.

வழி: இறக்கையின் நடுப்பகுதியைத் தனியாக, கிடைமட்டமாகக் கட்டுங்கள். ஏ-17ஏ-வின் சக்கரம் உள்நோக்கி மடிந்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தின் முன்விளிம்புப் புடைப்புக்குள் போகிறது. முதலில் காலின் கீல் இருக்கும் புள்ளியில் பிவட்டை (சுழல்மையத்தை) வையுங்கள், பிறகுதான் காலை மாடல் செய்யுங்கள். ஏற்றுமதிக்கு முன் ஒவ்வொரு பாகத்திலும் எக்ஸ்ஃபார்ம் ரீசெட் (ஸ்கேல், சுழற்சி எண்களைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது) கட்டாயம். மூன்று அச்சிலும் ஸ்கேல் சமமாக இல்லாத பாகம் நிற்கும்போது ஒழுங்காகத் தெரியும், சுழலும்போது கோணலாகும். முதல் முயற்சி என்றால் ஏ-17ஏ-வை விட்டுவிட்டு ஏ-17 செய்யுங்கள். 1935-இல் 110 ஆர்டர் செய்யப்பட்ட அந்த முதல் வகைக்கு சக்கரம் நிலையானது, மடக்கும் வேலையே கிடையாது.

ஓட்டைஃப்ளாப்:
எனக்கு உறுத்துவது ஃப்ளாப், அதாவது தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு. ஏ-17 வகையில் இருப்பது துளையிட்ட ஸ்ப்ளிட் ஃப்ளாப். இறக்கையின் அடித்தோல் மட்டும் கீழே திறக்கும், மேல்தோல் அசையவே கூடாது. வெளியாகும் மாடல்கள் பலவற்றில் சாதாரண ஃப்ளாப் போல பின்விளிம்பு முழுவதையும் வெட்டி இறக்கிவிடுகிறார்கள். தரையிறங்கும்போது வெளிக்கேமராவை மேலே கொண்டுபோனால் இறக்கையின் நடுவே நீளமான பிளவு, அதன் வழியே ஓடுதளத்தின் புல் தெரிகிறது.

ஃப்ளாப்பை மெல்லிய தட்டாகத் தனியே செய்யுங்கள். ஃப்ளாப் இறங்கினால் தெரியும் உட்கூரைக்கு, அதாவது மேல்தோலின் அடிப்பக்கத்துக்கு, இன்னொரு பலகம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒருபக்கத் தோல் கீழிருந்து பார்க்கும்போது மறைந்துவிடும். துளைகளை ஜியாமெட்ரியில் வெட்ட வேண்டாம், பாலிகன் வீண். டெக்ஸ்சரின் ஆல்ஃபா (ஒளிபுகும் தன்மை) சேனலில் வரைந்து, மெட்டீரியலில் ஆல்ஃபா டெஸ்ட் வையுங்கள். ஆல்ஃபா பிளெண்ட் வைத்தால் வரிசைக் குழப்பத்தில் ஃப்ளாப்புக்குப் பின்னால் இருக்கும் புகையும் மேகமும் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்று, ஃப்ளாப் வேக வரம்பு. தரையிறங்கும் ஃப்ளாப்புக்கான சாதாரண வரம்பை அப்படியே விட்டால் டைவில் திறந்ததும் சிக்கிக்கொள்ளும். துளையிட்டதே டைவில் வேகத்தை அடக்கவும், வால் நடுக்கத்தைக் குறைக்கவும்தான். வரம்பை உயர்த்துங்கள். அதே சமயம் ஃப்ளாப் தரும் லிஃப்ட்டை (தூக்குவிசை) குறைத்து டிராக்கை (இழுவை) கூட்டுங்கள்.

தாழப்பறவை:
குண்டு பத்தி யாரும் பேசலையே. ஏ-17ஏ-வோட அடையாளமே உள்ளே இருக்கிற 20 சில்லுக் குண்டு (வெடிச்சதும் இரும்புச் சில்லாச் சிதறுறது), ஒவ்வொண்ணும் 30 பவுண்டு. வெளியே நாலு 100 பவுண்டு. லோட்அவுட் (ஏத்துற குண்டுகளோட பட்டியல்) போட்டு, மரத்து உயரத்துல லாரி வரிசை மேல போய்ப் போட்டா, ரெண்டே செகண்ட்ல நம்ம வாலே காணாமப் போகுது. ரடர் தனியா சுத்திக்கிட்டு விழறது முதல்ல தெரியும், அப்புறம்தான் வெடிச் சத்தம் கேட்கும்.

எல்லாரும் ஹூக் (குண்டை மாட்டுற புள்ளி) தப்பு, ஹிட்பாக்ஸ் (அடிபடுற எல்லை) தப்புன்னு தேடுவாங்க. ரெண்டும் சரியாத்தான் இருக்கும். 30 மீட்டர்ல இருந்து விழற குண்டு தரையைத் தொட 2.5 செகண்ட். 320 கிமீ வேகத்துல நாம அதுக்குள்ள 220 மீட்டர் போயிருப்போம், குண்டும் கிட்டத்தட்ட அதே வேகத்துல நமக்கு நேர் கீழேயே வந்திருக்கும். வெடிக்கும்போது நமக்கும் அதுக்கும் நடுவுல வெறும் 30 மீட்டர். ஃபியூஸ் தாமதத்தை 5 செகண்ட் வெச்சா நாம 440 மீட்டர் தள்ளிப் போயிடலாம். ஆனா சில்லுக் குண்டுக்கு அது நியாயம் இல்ல, அது தொட்டதும் வெடிச்சாத்தான் வேலை செய்யும். உண்மையில இதுக்குக் கிடைச்ச விடை பாராசூட், குண்டோட வேகம் குறைஞ்சு அது நமக்குப் பின்னாடி தங்கிடும். அமெரிக்க ராணுவ விமான அதிகாரி ஜார்ஜ் கென்னி போருக்கு முன்னாடியே இந்த யோசனையைத் தள்ளிக்கிட்டு வந்தவர். பசிபிக் விமானங்களுக்கான பாராஃப்ராக் (பாராசூட் கட்டின சில்லுக் குண்டு) விளையாட்டுல ஏற்கனவே இருக்கு. அதை ஒரு தனி லோட்அவுட்டா போடுங்க.

குண்டுக்குத் தனி கிளாஸ் எழுதினா நிறை 13.6 கிலோ. வெடிமருந்து அதுல சின்னப் பங்குதான், மீதி இரும்பு உறை. மொத்த நிறையையும் வெடிமருந்துன்னு போட்டா ஒரு பாலமே தூக்கிரும். 20 ஹூக்கும் வேண்டாம். ரெண்டு ஹூக், ஒவ்வொண்ணுலயும் எண்ணிக்கை 10 போதும்.

கணக்கன்:
ரிவெட் எஸ்பிடியை முழுக்க ஒதுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெஷ்ஷைத் தொடக் கூடாது, அதுவரை சரி. ஆனால் எந்தப் பாகம் எதோடு சேர்ந்தது என்று சொல்லும் ஹையரார்க்கி ஃபைலை ஏன் விட வேண்டும்? நடு உடல், மூன்று துண்டு இறக்கை, ஸ்டெபிலைசர், பின்னால் சுடுபவர் எல்லாம் ஒரே அமைப்பு. பெயர்களையும் பெற்றோர்-பிள்ளை வரிசையையும் வைத்துக்கொண்டு இடங்களை மட்டும் மாற்றினால் டேமேஜ் நிலைகள் ஒழுங்காக வேலை செய்யும். பின்சுடுபவரின் கோண வரம்பை மட்டும் மறுபடி அளந்து போடுங்கள். எஸ்பிடியின் எண்ணை விட்டால் செங்குத்து வாலின் ஊடாகவே சுடுவார்.

எஸ்பிடியிலிருந்து உண்மையில் எடுக்கக் கூடாதது பறக்கும் தன்மை. யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வெளியாகும் ஏ-17 எல்லாம் கனமான டான்ட்லெஸ் போலவே பறக்கின்றன.

ஏ-17ஏ-வின் இறக்கைப் பரப்பு 362 சதுர அடி, அதாவது 33.6 சதுர மீட்டர். முழு எடை 3,421 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 102 கிலோ விழுகிறது. எஸ்பிடி-5 முழு எடையில் 140-ஐத் தொடும். இறக்கை நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் ஏ-17ஏ-வுக்கு 6.3, எஸ்பிடிக்கு 5.3. திறன் காரணி இரண்டுக்கும் 0.8 என்று வைத்தால் தூண்டப்பட்ட இழுவையின் குணகம் முறையே 0.063, 0.075. எஸ்பிடி எண்ணை அப்படியே விட்டால் திருப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இழுவை. திரும்பத் திரும்ப வேகம் கரைந்து விமானம் தொங்கும், பழி இன்ஜின் மேல் விழும்.

அடிப்படை இழுவைக்கு இப்படித் தொடங்கலாம். 825 குதிரைத்திறன், ப்ரொப்பெல்லர் திறன் 0.8, அதிகபட்ச வேகம் 354 கிமீ. கடல்மட்ட அடர்த்தியில் மொத்த இழுவைக் குணகம் 0.025 வரும். தூண்டப்பட்ட பங்கைக் கழித்தால் 0.023. இது தொடக்கப் புள்ளி மட்டும். உள்ளே போட்டு, 300 மீட்டர் உயரத்தில் நேராக மூன்று நிமிடம் ஓட்டி, நிலைத்த வேகத்தைப் பார்த்துத்தான் இறுதி எண். ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசை இழக்கும் வேகத்துக்கு), லிஃப்ட் குணகத்தின் உச்சம் 1.4 என்று எடுத்தால் முழு எடையில் 123 கிமீ, ஃப்ளாப்புடன் 1.9 என்றால் 105 கிமீ. உங்கள் விமானம் 150-இலேயே விழுகிறதென்றால் பரப்பைச் சதுர அடியில் போட்டீர்களா என்று பார்க்கத் தேவையில்லை, அது எதிர்த்திசைத் தவறு. எடையைப் பாருங்கள். 3,421-க்குள் குண்டும் அடக்கம். அதையே புறப்படும் எடையாக எழுதினால் லோட்அவுட் குண்டின் எடையை இன்னொரு முறை சேர்க்கும். காலி எடை 2,316.

இன்ஜினுக்கு ஆர்-1830 ட்வின் வாஸ்ப் ஃபைலை நகலெடுக்காதீர்கள். இது ஆர்-1535 ட்வின் வாஸ்ப் ஜூனியர், 25 லிட்டர்தான். இரண்டு வரிசையில் 14 சிலிண்டர் என்பது பொது, அவ்வளவே. ப்ரொப்பெல்லர் தகட்டின் சாய்வு இரண்டு நிலையா, சுழற்சியை மாறாமல் வைக்கும் கான்ஸ்டன்ட் ஸ்பீடா என்பதை நீங்கள் செய்யும் வகையின் கையேட்டில் பார்த்து முடிவெடுங்கள். 1930களின் நடுவில் இரண்டும் கலந்து பறந்தன, ஏறும் வேகமே அதைப் பொறுத்து மாறும்.

ஸ்பேட்:
கர்டிஸ் ஏ-12 ஷ்ரைக் செய்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. முன்னோக்கிச் சுடும் நான்கு 0.30 அங்குலத் துப்பாக்கிகளும் சக்கர உறைக்குள் இருக்கின்றன. இறக்கையில் இல்லை, கௌலிங்கில் (இன்ஜின் மூடியில்) இல்லை. ஹூக்கை இறக்கை பாகத்தில் மாட்டினால் தோற்றம் சரியாகவே இருக்கும். முரட்டுத் தரையிறக்கத்தில் இடது சக்கரம் உறையோடு பிய்ந்து போகும். அப்போது ட்ரிகரை அழுத்தினால் வெறும் காற்றிலிருந்து இரண்டு குண்டு ஓடைகள் பாயும்.

துப்பாக்கி ஹூக் சக்கர உறை மெஷ்ஷின் பிள்ளையாக இருக்க வேண்டும். உறை கழன்றால் அந்த இரண்டையும் நிறுத்தும் வரியை டேமேஜ் கோடில் சேருங்கள். ப்ரொப்பெல்லர் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் சிங்க் செய்யாத (ப்ரொப்பெல்லர் தகடுகளுக்கு இடையே சுட நேரம் பொருத்தாத) வகைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள், சிங்க் வகை சுடும் வேகத்தைத் தேவையில்லாமல் குறைக்கும். முனை பார்வைக் கோட்டுக்கு மிகக் கீழே இருப்பதால் கன்வர்ஜென்ஸை (குண்டுகள் பார்வைக் கோட்டில் வந்து சேரும் தூரத்தை) 200 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் தூரத்து இலக்கின் தலைக்கு மேலே பறக்கும்.

மஞ்சள்சிறகு:
கணக்கன், இன்ஜின் பற்றிச் சொன்னது அமெரிக்க ஏ-17, ஏ-17ஏ வகைகளுக்கு மட்டும் பொருந்தும். 8ஏ என்ற பெயரில் ஏற்றுமதியான இந்தக் குடும்பத்தில் நாட்டுக்கு ஒரு இன்ஜின். நெதர்லாந்தின் 8ஏ-3என்-இல் ஆர்-1830-தான் இருந்தது. பெருவின் 8ஏ-3பி-யிலும் நார்வேயின் 8ஏ-5-இலும் ஒற்றை வரிசை ஆர்-1820 சைக்ளோன். ஸ்வீடன் உரிமம் பெற்றுத் தன் நாட்டிலேயே கட்டிய பி 5-இல் பிரிஸ்டல் மெர்குரி. ஒரே கௌலிங்கோடு ஆறு நாட்டு ஸ்கின் (மேற்பூச்சுப் படம்) போட்டு வெளியிடும்போது கௌலிங்குக்குள் 14 சிலிண்டர் தெரிகிற ஸ்வீடிஷ் விமானம் நிற்கிறது, அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. குறைந்தது மூன்று மூக்கு வேண்டும்: இரட்டை வரிசைக்கு ஒன்று, சைக்ளோனுக்கு ஒன்று, மெர்குரிக்கு ஒன்று. நடு உடலையும் இறக்கையையும் பகிர்ந்துகொள்ளலாம். அர்ஜென்டினாவின் 8ஏ-2-க்கு நிலையான சக்கரம், ரிவெட் செய்யச் சொன்ன ஏ-17-இன் கால் அங்கே உதவும்.

நெதர்லாந்து வகைக்கு மிஷன் எழுதுபவர்கள் அதைத் தாக்குதல் விமானமாக வைக்காதீர்கள். 1940 மே 10 காலை யிபன்பர்க் விமானத்தளத்திலிருந்து அவை சண்டை விமானங்களாகவே எழும்பின, பெரும்பாலானவை அன்றே இழக்கப்பட்டன. ஸ்கின்னில் ஆரஞ்சு முக்கோணம், வட்டம் அல்ல.

1936 அமெரிக்க ஸ்கின்னுக்கு: உடல் வெளிர்நீலம், இறக்கையும் வாலும் மஞ்சள், ரடரில் நீலப் பட்டையும் சிவப்பு-வெள்ளை வரிகளும், நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டு. தானாக வரும் தேசியச் சின்னங்களை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஸ்கின்னிலேயே வரையுங்கள். 1024-க்கு 1024, 256 நிற பிஎம்பி. அந்த 256-க்குள் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் போதுமான படிகளைக் கையால் ஒதுக்குங்கள். மென்பொருளிடம் விட்டால் உலோகச் சாம்பலுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, இறக்கை முழுவதும் பட்டை பட்டையாக மஞ்சளை வைக்கும்.

டைவ்கோணம்:
பிரேடா பா.65, இத்தாலியத் தாக்குதல் விமானம். மாடல் அழகு, ஸ்பெயின் ஸ்கின் அழகு. மிஷனில் நாலு ஏஐ (கணினி ஓட்டும்) விமானம் ஒரு பீரங்கி பேட்டரியைத் தாக்கப் போகின்றன. முதல் விமானம் சுட்டுக்கொண்டே நேராகத் தரையில் இறங்கியது. இரண்டாவது அதே குழியில். மூன்றாவதும். நாலாவது மட்டும் குண்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பியது.

இறக்கைப் பரப்பு 23.5 சதுர மீட்டர், எடை 2,950 கிலோ. சதுர மீட்டருக்கு 125 கிலோவுக்கு மேல். 400 கிமீ வேகத்தில் 4 ஜி (புவியீர்ப்பின் நான்கு மடங்கு) இழுத்து நிமிர்த்தினால் வளைவின் ஆரம் சுமார் 420 மீட்டர். 30 பாகை டைவிலிருந்து வெளியே வர 56 மீட்டர் உயரம் போகும், 45 பாகையில் 123, 60 பாகையில் 210. இதற்கு மேல் ஏஐ எதிர்வினைக்கு எடுக்கும் நேரம். 60 பாகையில் ஒரு செகண்டுக்கு இன்னும் 96 மீட்டர். வேகம் 300-க்குக் கீழே போனால் அதே 4 ஜி ஸ்டால் விளிம்புக்குக் கொண்டுவரும், ஒரு இறக்கை தொங்கிவிடும்.

ஆகவே இந்த விமானத்தை ஏஐ-க்கு டைவ் பாம்பர் வகையாக அறிவிக்காதீர்கள். ஸ்டர்மோவிக் (தரைத் தாக்குதல்) வகையாக அறிவியுங்கள், அப்போது சாய்வான பாஸ் எடுக்கும். இறக்கையில் இரண்டு 12.7, இரண்டு 7.7 மிமீ துப்பாக்கிகள் இருப்பதால் அந்தப் பாஸ்தான் இதற்குப் பொருத்தமும்கூட. அணியின் உயரத்தை 600 மீட்டருக்குள் வையுங்கள். 1,500-இல் விட்டால் ஏஐ வேகத்தைச் சேர்த்துக்கொண்டே வரும்.

ரிவெட்:
டைவ்கோணம், பா.65-இன் எலிவேட்டர் பரப்பை எதிலிருந்து எடுத்தீர்கள்? வேறு விமானத்தின் எண்ணை அப்படியே விட்டிருந்தால் ஏஐ கேட்கும் 4 ஜி அதற்குக் கிடைத்தே இருக்காது. வகையை மாற்றும் முன் 400 கிமீ வேகத்தில் ஸ்டிக்கை முழுதாக இழுத்து, எத்தனை ஜி வருகிறது என்று பாருங்கள்.

டைவ்கோணம்:
மேல், பக்கம், முன் என்று மூன்று கோணங்களில் வரைந்த படத்திலிருந்து அளந்தது. 400-இல் 5.5 ஜி வருகிறது. கோளாறு வகை அறிவிப்பில்தான். மாற்றியதும் அதே மிஷனில் நாலும் திரும்பி வந்தன.