கில்டு தளத்தில் ரெய்டு நேரம் தப்பாகக் காட்டுகிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேம், ஐரோப்பா சர்வர். கில்டில் (சேர்ந்து ஆடும் எங்கள் குழு) பாதிப் பேர் லண்டன், மீதிப் பேர் சென்னை, கோவை. பிஎச்பி நிரல்மொழியில் நானே ஒரு சின்னத் தளம் எழுதியிருக்கிறேன், ரெய்டு (எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் பெரிய சண்டை) அட்டவணையும் யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலும்தான். கோடை முழுக்க ஒழுங்காக ஓடியது: இந்திய நேரம் வியாழன் இரவு 11:30 என்று போட்டால் லண்டன்காரர்களுக்கு மாலை 7 என்று காட்டும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் அவர்களுக்கு 6 என்று காட்டுகிறது, ஆனால் ரெய்டு சர்வர் நேரப்படி (அது பாரிஸ் நேரம்) வழக்கம்போல இரவு 8தான். சரி என்று கையாலேயே ஒரு மணி நேரம் கூட்டி வியாழன் 12:30 ஆக்கினேன். அது புதன் நள்ளிரவாகிவிட்டது. இரண்டு ஹீலர்கள் (சண்டையில் மற்றவர்களைக் குணப்படுத்துபவர்கள்) அன்றைக்கே வந்து காத்திருந்து கடுப்பாகி, மறுநாள் வரவேயில்லை. மிதிக்குக்கு (ரெய்டின் மிகக் கடினமான நிலை) 20 பேர் வேண்டும், 18 பேரோடு உட்கார்ந்திருந்தோம்.

பதில் 1:
நேரத்தை எப்படிச் சேமிக்கிறீர்கள்?

கேட்டவர்:
இந்திய நேரமாக, +5:30 போட்டு.

பதில் 1:
அதுதான் வினை. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். ரெய்டு எந்த ஊர்க் கடிகாரப்படி நடக்கிறதோ அந்த ஊரில்தான் சேமிக்க வேண்டும். டேட்டாபேஸில் "வியாழன், 20:00, பாரிஸ்" என்று வையுங்கள். பிஎச்பியில் ஊர் நேரத்தைக் கணக்கிடும் டேட்டைம்ஸோனுக்குப் பாரிஸைக் கொடுத்தால் கோடையா குளிர்காலமா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் (நேரத்தை விநாடிக் கணக்கில் சொல்லும், எல்லா ஊருக்கும் பொதுவான எண்) எடுத்துப் பக்கத்துக்கு அனுப்பி, அவரவர் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் உள்ளூர் நேரமாகக் காட்டுங்கள், கிழமையோடு. அதே எண்ணை டிஸ்கார்ட் அரட்டைச் செயலியிலும் போடலாம், அங்கேயும் பார்ப்பவர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.

பதில் 2:
அமெரிக்காவிலிருந்து யாராவது சேர்ந்தால் இந்தக் கூத்து இன்னும் ஒரு வாரம் நீளும், அங்கே நவம்பர் முதல் ஞாயிறுதான் கடிகாரம் மாறுகிறது. அப்புறம், தலைப்பில் அவ்வளவு பெரிய டிராகன் படம் எதற்கு? போனில் திறந்தால் இரண்டு தடவை தள்ளின பிறகுதான் நேரமே கண்ணில் படுகிறது. அடுத்த ரெய்டு எப்போது, ஹீலர் எத்தனை பேர், இதை மேலே கொண்டுவாருங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், இப்போது சென்னைக்கு "வெள்ளி, அதிகாலை 12:30" என்று சரியாக வருகிறது. டிராகன் கீழே போய்விட்டது, வருத்தம்தான். இருந்தாலும் ஒருவர் வாட்ஸ்அப்பில் "வெள்ளி ராத்திரிதானே?" என்று கேட்டார். நேரத்துக்குக் கீழேயே "வியாழன் ராத்திரி தூங்கிவிடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.