மேடையிலேயே பதிவான ராக் ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

கேள்வி: ஸ்டுடியோவில் செதுக்கிச் சீராக்கிய இசையைவிட, ரசிகர்களின் ஆரவாரத்தோடு மேடையில் பதிவான ராக் இசையே என்னை அதிகம் ஈர்க்கிறது. பின்னர் பெரிதாகத் திருத்தப்படாத ஆல்பங்களைப் பரிந்துரைக்க இயலுமா?

மறுமொழி 1: தயக்கமின்றி டீப் பர்ப்பிள் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' என்பேன். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து தொகுக்கப்பட்டது. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாடலின் நடுவே ரிச்சி பிளாக்மோர் கிட்டாரில் வாசிக்கும் ஒவ்வொரு துணுக்கையும் இயன் கில்லன் குரலாலேயே திருப்பிக் கொடுக்க, ஸ்வரங்கள் மேலே மேலே ஏறிக் கடைசியில் ஒரு நீண்ட கூவலாக வெடிக்கும் இடத்தை அவசியம் கேளுங்கள்.

மறுமொழி 2: அதுவும் சிறந்ததுதான், ஆயினும் என் தேர்வு தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவானது. ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு காதில் என்ட்விசிலின் பேஸ் கிட்டாரும் மறுகாதில் டவுன்ஷெண்டின் கிட்டாரும் தனித்தனியே ஒலிப்பதால், மூன்றே கருவிகள் இத்தனை பெரிய ஒலியை எப்படி எழுப்பின என்பது தெளிவாகப் புரியும்.

மறுமொழி 3: நீண்ட வாசிப்பு பிடிக்குமெனில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' (1971) கேளுங்கள். வெட்டித் தொகுத்த இடங்கள் சில உண்டு. எனினும் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் 'விப்பிங் போஸ்ட்' பாடல் ஒன்றுக்காகவே அதை வாங்கலாம்.