ஆபீஸ் கார் தண்ணீரில் நின்றுவிட்டது, ஸ்டார்ட் செய்யலாமா? அவசரம்
(2024 ஃபெஞ்சல் புயல் சமயத்து இழை. இதில் வரும் சட்ட, வரி விவரங்கள் அப்போதைய நிலை.)

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். ஃபெஞ்சல் புயல் மழையில் அபார்ட்மென்ட் கீழே நிறுத்தியிருந்த ஆபீஸ் காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போதுதான் வடிகிறது. அட்மின் விடாமல் போன் செய்கிறார். "ஸ்டார்ட் ஆச்சுன்னா அப்படியே எடுத்துட்டு வந்துடுங்க, நாளைக்கு வண்டி வேணும்" என்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்களா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்செல்வம்:
முதலில் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறியது? பாதி டயரா, சீட்டா, டேஷ்போர்டா? பெட்ரோலா, டீசலா? நிற்கும்போது புகுந்ததா, ஓட்டும்போது நின்றுபோனதா?

கோவைடீசல்:
இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பாதி கேஸ் பேட்டரிதான். டெர்மினலைத் துடைத்து, வெயிலில் ஒரு நாள் காயவிட்டு ஸ்டார்ட் செய்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
விவரம் இல்லாமல் கேள்வி போட வேண்டாம் என்று இங்கே ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. "ஆபீஸ் கார்" என்றால் என்ன? ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, யார் பெயரில்? கம்பெனியா, லீஸ் கம்பெனியா? பாலிசி ஃபுல் கவரா, வெறும் தேர்ட் பார்ட்டியா? இஞ்சின் சேதத்துக்கென்று தனியாகச் சேர்க்கும் இஞ்சின் புரொடெக்ட் உண்டா? கார் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கினார்களே, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? இது எதுவும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மடிப்பாக்கம்வாசி:
மன்னிக்கவும், அவசரத்தில் போட்டுவிட்டேன். பெட்ரோல், 1.2 லிட்டர், மேனுவல். நிற்கும்போதுதான் புகுந்தது, சீட் நனைந்திருக்கிறது. ஆர்சி லீஸ் கம்பெனி பெயரில். இன்ஷூரன்ஸ் தாள் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்து ஊறிப்போய்விட்டது.

ஸ்பேனர்செல்வம்:
சீட் வரை என்றால் கண்டிப்பாக ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியை "ஆன்" வரைகூடத் திருப்ப வேண்டாம், வயரிங்கில் ஷார்ட் ஆகும். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நிற்கும்போது நனைந்த இஞ்சினைப் பெரும்பாலும் ஆயில் மாற்றிச் சுத்தம் செய்தே காப்பாற்றிவிடலாம். ஸ்டார்ட் செய்து வளைந்த இஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பேட்டரி துடைக்கும் யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம்.

தண்ணீர் முழுக்க வடிவதற்குள் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட்டும் கதவில் படிந்த சேற்றுக் கோடும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். பிறகு ரெக்கவரி வண்டியில் சர்வீஸ் சென்டருக்கு.

தாம்பரம்தம்பி:
பாலிசி விவரத்துக்கு அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் வரும். மீதியை லீஸ் கம்பெனியிடம் கேளுங்கள், அசல் பாலிசி அவர்களிடம்தான் இருக்கும். கிளெய்ம் படிவத்திலும் அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். நீங்கள் லைசென்ஸ் நகல் கொடுத்தால் போதும். சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள்.

உரிமைக்குரல்:
சம்பளத்தில் கை வைக்கவே முடியாது! ஊதியப் பட்டுவாடாச் சட்டம் 1936 இருக்கிறது. தொழிலாளியின் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் மட்டுமே பிடிக்கலாம், அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான். மழைக்கு இவர் என்ன செய்வார்?

கணக்குப்பிள்ளை:
சட்டத்தைப் பாதி படித்துவிட்டு வரக் கூடாது. அது மாதம் 24,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான். லீஸ் கார் கொடுக்கும் கம்பெனியில் இவர் அதற்கு மேல்தான் வாங்குவார். அப்படியானால் கார் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட கம்பெனி விதித் தாள்தான் பேசும். "இன்ஷூரன்ஸ் தராத தொகை ஊழியர் பொறுப்பு" என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உரிமைக்குரல்:
மாதாமாதம் காருக்காக 1,800 ரூபாயை வருமானத்தில் சேர்த்து வரி பிடிக்கிறார்களே, அப்புறம் ரிப்பேரும் இவர் தலையிலா?

கணக்குப்பிள்ளை:
அது 1.6 லிட்டர் வரையிலான காருக்கு வருமான வரி விதி வைத்திருக்கும் மதிப்பு. அதற்கும் ரிப்பேருக்கும் சம்பந்தமே இல்லை.

வேளச்சேரிவாணி:
முந்தின நாளே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாமே. எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்தோம்.

ரயில்நகர்:
பாலத்தில் இரண்டு பக்கமும் கார் நின்றால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? அதிலும் ஆபீஸ் காருக்கு அபராத இ-சலான் வந்தால் ஆர்சி உரிமையாளருக்குத்தான் போகும். அவர்களுக்கு இவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வேளச்சேரிவாணி:
2015-இல் எங்கள் வீட்டு வண்டி கூரை வரை மூழ்கியது. மறுபடியும் அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஒரு ஓரமாக, வரிசையாக நிறுத்தினால் வழி இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் மூழ்கும் பகுதிக்கு ஒரு மேட்டு நிறுத்துமிடம் கொடுக்கட்டும், நாங்கள் ஏன் பாலத்துக்குப் போகிறோம்?

ரயில்நகர்:
கோரிக்கை நியாயம்தான். அதற்குப் பாலம் பதில் ஆகாது.

ஸ்பேனர்செல்வம்:
பாலத்தை வேறு இழையில் பேசுங்கள். இவருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம், புயல் சேதத்துக்கு ஃபுல் கவர் பாலிசியில் பணம் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து இஞ்சின் போனால், இஞ்சின் புரொடெக்ட் இல்லாத பாலிசியில் பொதுவாகத் தர மாட்டார்கள். அந்தப் பணத்தைத்தான் கம்பெனி உங்களிடம் கேட்கும். அதனால் அட்மின் போனில் சொன்னதற்கு இப்போதே மெயிலில் பதில் போடுங்கள். "வண்டிக்குள் சீட் வரை தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் சேதமாகும் என்பதால் செய்யவில்லை. ரெக்கவரி வண்டி ஏற்பாடு செய்யவும்." போட்டோவை இணைத்து, லீஸ் கம்பெனிக்கும் நகல் வையுங்கள்.

கோவைடீசல்:
நான் சொன்னது டீசல் வண்டிக்கு.

ஸ்பேனர்செல்வம்:
டீசலில் கம்ப்ரஷன் இன்னும் அதிகம். ராட் இன்னும் சீக்கிரம் வளையும்.

மடிப்பாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. மெயில் போட்டேன், அதற்குப் பிறகு அட்மின் போன் வரவில்லை. லீஸ் கம்பெனியே ரெக்கவரி வண்டி அனுப்பியது. ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதாம், சர்வேயருக்காகக் காத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
கையெழுத்துப் போட்ட அந்தக் கம்பெனி விதித் தாளைப் படித்தீர்களா?

தாம்பரம்தம்பி:
இஞ்சின் புரொடெக்ட் இருந்ததா என்றும் சொல்லுங்கள் சார். என் ஆபீஸ் வண்டியும் அதே லெவல்தான், இன்னும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.